கப்பில் சொன்ன பழத்தைக் கிராமில் எடுப்பது எப்படி?

போன மாம்பழ சீசனில் நான் கிண்டிய ஜாம், ஜாம் ஆகவில்லை. செய்முறை ஓர் அமெரிக்கர் எழுதியது: நாலு கப் மாம்பழம், மூன்று கப் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இருபத்தைந்து நிமிடம். நான் தோலைச் சீவி, சதையை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு, கூழை நாலு கப் அளந்து ஊற்றினேன். நேரம் முடிந்தபோது அடுப்பில் இருந்தது மாம்பழப் பாயசம். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து என்று கிண்டிக் கை ஓய்ந்ததும் பாட்டிலில் ஊற்றிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்றரைக் கிலோ பங்கனப்பள்ளியும் 600 கிராம் சர்க்கரையும் குப்பைக்குப் போயின.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தச் செய்முறைக்காரர் அளந்தது நறுக்கிய துண்டு. நாலு கப் துண்டு சுமார் 660 கிராம். நான் ஊற்றிய நாலு கப் கூழ் கிட்டத்தட்ட ஒரு கிலோ. பழமும் கப்பும் மாறவில்லை, பழம் இருந்த கோலம்தான் மாறியது. அதற்கே 340 கிராம் கூடிப்போனது.

ஃப்ரூட் சாலட், மில்க்‌ஷேக், கேசரி செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. கண்ணளவே போதும். ஜாம், கேக், பழ அல்வா என்று பழத்துக்கும் சர்க்கரைக்கும் மாவுக்கும் கணக்கு இருக்கும் பண்டங்களுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

1. முதலில் ஒரு தராசு

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். 5 கிலோ வரை எடுப்பதும் 1 கிராம் துல்லியமும் போதும். என்னுடையது 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அளவுக் கப் செட் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். மொத்தச் செலவு இவ்வளவுதான்.

வாங்கி வந்த அன்றே சரிபார்த்துவிடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். பத்து நாணயத்தை அடுக்கி வைத்தால் 77 என்று காட்ட வேண்டும், ஒன்றிரண்டு கிராம் முன்பின் பரவாயில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்துப் பார்த்து 515க்கு மேல் காட்டுகிறதே என்று தராசைத் திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள். பால் தண்ணீரைவிட அடர்த்தி, லிட்டருக்கு 1030 கிராம் வரும். கவர் எடை தனி.

தராசில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று உண்டு. ஒன்று, கிராம், அவுன்ஸ், மில்லி என்று மாற்றும் பொத்தான். கை பட்டு மில்லிக்கு மாறிவிட்டால் அது தண்ணீருக்கு மட்டும் சரியான கணக்கு, பழத்துக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள். இரண்டு, தானாக அணைவது. பாத்திரத்தை வைத்து, அதன் எடை கணக்கில் சேராமலிருக்க ஜீரோ அமுக்கிவிட்டு, நிதானமாக மாதுளை உரிக்க உட்காருவோம். இரண்டு நிமிடத்தில் தராசு தூங்கிவிடும். மறுபடி எழுப்பினால் உள்ளே இருக்கும் முத்தையும் சேர்த்து ஜீரோ காட்டும். அதனால் உரித்து, நறுக்கி, எல்லாம் முடிந்த பிறகு தராசைப் போடுங்கள். மூன்று, அகலமான பாத்திரம் எண் தெரியும் இடத்தை மறைப்பது. அடியில் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஜீரோ செய்து, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள்.

2. உங்கள் கப் எத்தனை மில்லி?

வீட்டிலுள்ள கப்பைத் தராசில் வைத்து, ஜீரோ செய்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீருக்கு ஒரு கிராம் ஒரு மில்லி, அதனால் தராசு காட்டும் எண்தான் உங்கள் கப்பின் கொள்ளளவு.

இதை நான் செய்து பார்த்தபோது எங்கள் வீட்டில் ‘கப்’ என்று புழங்கியவை நாலு, நாலும் நாலு அளவு. கடையில் வாங்கிய அளவுக் கப் 240. காப்பி டம்ளர் 170 சொச்சம். ஒரு பிளாஸ்டிக் கப் 250. இன்னொன்று ரைஸ் குக்கரோடு வந்தது, 180. இந்தக் கடைசிக் கப்தான் ரொம்ப ஆபத்து. கப் என்றே அதற்குப் பெயர், கோடெல்லாம் போட்டிருக்கும், ஆனால் கால் பங்கு குறைவு. அரிசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி காலத்து ஆழாக்கு வைத்திருப்பவர்களுக்கு: அது 168 மில்லி என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ஊருக்கு ஊர் படி மாறியிருக்கிறது, தண்ணீர் ஊற்றியே தெரிந்துகொள்ளுங்கள்.

3. செய்முறை எந்த நாட்டிலிருந்து வந்தது?

அமெரிக்கச் செய்முறையில் கப் என்றால் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியச் செய்முறையில் 200. ஆஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. எலுமிச்சைச் சாறு நாலு கரண்டி என்றால் அங்கேயே 20 மில்லி வித்தியாசம் விழுந்துவிடும்.

அமெரிக்கர்களிடம் அவுன்ஸில் இரண்டு வகை. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் 29.6 மில்லி, அது கொள்ளளவு. ‘8 அவுன்ஸ் புளூபெரி’ என்றால் 227 கிராம். எட்டு அவுன்ஸ் ஒரு கப்தானே என்று கப்பில் அளந்தால் 150 கிராம்தான் விழும். பெரி வகைகளை ‘பைண்ட்’ கணக்கில் சொல்வதும் உண்டு. அது உலர்பொருள் பைண்ட், 550 மில்லி. பால், தண்ணீருக்கான 473 மில்லி பைண்ட் அல்ல. ஒரு பைண்ட் புளூபெரிக்கு 340 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டின் அன்னாசி கேட்டால் டின் அளவைப் பாருங்கள். ‘20 அவுன்ஸ் டின்’ என்பது 567 கிராம், சாறோடு சேர்த்து. சாற்றை வடிக்கச் சொல்லியிருந்தால் லேபிளில் தனியாகப் போட்டிருக்கும் வடித்த எடைதான் நமக்கு வேண்டியது.

4. பழம் எந்தக் கோலத்தில் அளக்கப்பட்டது?

நான் கோட்டை விட்ட இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பழத்தின் சதை பெரும்பாலும் தண்ணீர். அதனால் இடைவெளியே இல்லாத கூழாக இருந்தால் கப்பின் மில்லி எவ்வளவோ ஏறக்குறைய அத்தனை கிராம். 240 மில்லி கப்பில் 225 முதல் 250 கிராம் வரை. துண்டு போட்டால் துண்டுக்குத் துண்டு காற்று நிற்கும், எடை மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும். மெல்லிய வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே படுத்து இன்னும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிள் துண்டு மாம்பழத் துண்டைவிட லேசாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆப்பிளின் சதைக்குள்ளேயே கால் பங்கு போலக் காற்றுதான். தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான்.

துண்டின் அளவும் விளையாடும். ஒரே மாம்பழத்தில் பாதியைப் பெரிய துண்டாகவும் மீதியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கும் நறுக்கி அளந்து பார்த்தேன். அதே கப்பில் முதலாவது 152, இரண்டாவது 174.

ஆங்கிலச் செய்முறையில் ஒரு கமாவைக் கவனிக்க வேண்டும். ‘ஒரு கப் நறுக்கிய ஸ்ட்ராபெரி’ என்றால் நறுக்கிய பிறகு அளந்தது, 165 கிராம். ‘ஒரு கப் ஸ்ட்ராபெரி, நறுக்கியது’ என்று கமா போட்டிருந்தால் முழுப் பழமாக அளந்துவிட்டுப் பிறகு நறுக்கியது, 145 கிராம். எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். சந்தேகமாக இருந்தால் செய்முறையின் படத்தையும் அடுத்தடுத்த படிகளையும் பாருங்கள். பிறகு எங்காவது ‘மசித்துவிடவும்’ என்று வந்தால் அளந்தது துண்டு என்று அர்த்தம்.

எண்ணெல்லாம் சொல்லி அம்மாவிடம் போனில் புலம்பியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஏன்டி, தலைதட்டி அளந்தியா, கோபுரமா அளந்தியா?” அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்முறையில் கப் என்றால் தலைதட்டித்தான். துண்டுப் பழத்தை மாவு மாதிரி வழிக்க முடியாது, அதனால் விளிம்புக்கு மேல் நிற்பதும் உள்ளே விட்ட பள்ளமும் சரிக்குச் சரியாக இருந்தால் போதும். குலுக்க வேண்டாம், அழுத்த வேண்டாம்.

5. எடைப் பட்டியல்

கீழே உள்ளவை 240 மில்லி கப்புக்கு, தோலும் கொட்டையும் நீங்கிய சதைக்கு. ஐந்தின் மடங்காக்கிச் சொல்கிறேன்.

மாம்பழம், அன்னாசி, கொய்யா, துண்டு: 165 கிராம்
பப்பாளி, துண்டு: 145
பப்பாளி, மசித்தது: 230
வாழை, வட்ட வில்லை: 150
வாழை, மசித்தது: 225
ஆப்பிள், துண்டு: 125
ஆப்பிள், மெல்லிய வில்லை: 110
ஆப்பிள், வேகவைத்த கூழ்: 245
ஸ்ட்ராபெரி, முழுசு: 145
ஸ்ட்ராபெரி, நறுக்கியது: 165
ஸ்ட்ராபெரி, கூழ்: 230
திராட்சை, புளூபெரி: 150
ராஸ்பெரி: 125
தர்பூசணி, துண்டு: 150
மாதுளை முத்து: 175
உலர்திராட்சை, சும்மா கொட்டியது: 145
உலர்திராட்சை, அழுத்தியது: 165
எலுமிச்சைச் சாறு: 245

செய்முறை 250 மில்லி கப்பில் இருந்தால் இதில் நூற்றுக்கு நாலு கூட்டுங்கள். 200 மில்லி என்றால் ஆறில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

பட்டியலில் இல்லாத பழம் வந்தால்? செய்முறை சொல்லும் கோலத்தில் நறுக்கி, நாலு கப் அளந்து கொட்டி, மொத்தமாக நிறுத்து நாலால் வகுங்கள். ஒரே ஒரு கப்பை நிறுத்து அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துண்டு குறுக்கே நின்றாலே பத்து கிராம் போய்விடும்.

6. ‘மூன்று பழம்’ என்று எண்ணிக்கையில் சொன்னால்

கப்பையாவது அளந்துவிடலாம், எண்ணிக்கை அதைவிட மோசம். அமெரிக்கச் செய்முறையின் நடுத்தர வாழைப்பழம் ஒன்று, தோல் நீக்கி 118 கிராம் என்று கணக்கு. மூன்று பழம் என்றால் 350 கிராம். நம் மோரிஸ் பழமானால் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஏலக்கி போட்டால் என் தராசில் ஒன்று உரித்து 45 கிராம்தான் வந்தது, அதாவது எட்டுப் பழம் வேண்டும். செவ்வாழையோ நேந்திரமோ எண்ணிக்கை வேறு, மசித்தால் வரும் பதமும் வேறு. வாழைப்பழ கேக்குக்கு நான் மோரிஸோ பூவனோதான் எடுக்கிறேன்.

எலுமிச்சையும் அப்படித்தான். அவர்களுடைய பெரிய மஞ்சள் எலுமிச்சை ஒன்றில் 45 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டிச் சாறு வரும். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில் ஒரு கரண்டி, நல்ல சாறுள்ள பழமென்றால் ஒன்றரை. ‘இரண்டு எலுமிச்சை’ என்று படித்துவிட்டு இரண்டை மட்டும் பிழிந்தால் ஜாமுக்குப் புளிப்பே ஏறாது. புளிப்பு இல்லாவிட்டால் பெக்டின் (ஜாமை உறையவைக்கும், பழத்திலேயே உள்ள பொருள்) பிடிக்காது, ஜாம் உறையாது.

7. கடைக்குப் போகும்போது: எவ்வளவு தேறும்?

செய்முறைக்கு வேண்டியது சதை. கடைக்காரர் நிறுப்பது தோலும் கொட்டையும் கொண்டையுமாக. அன்னாசியில் பாதிதான் தேறும். தர்பூசணியிலும் பாதி, மாதுளையில் பாதிக்குச் சற்று மேல். வாழையிலும் பப்பாளியிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் முன்பின். மாம்பழத்தில் 70 சதவீதம், ஆனால் சின்ன நார் மாம்பழமானால் கொட்டையே பெரும்பங்கு, அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். ஆப்பிளில் 90.

வேண்டிய சதையைத் தேறும் பங்கால் வகுத்தால் வாங்க வேண்டிய எடை. 660 கிராம் மாம்பழச் சதைக்கு, 660ஐ 0.7ஆல் வகுத்தால் 943. ஒரு கிலோ வாங்கினால் தின்று பார்க்கவும் ஒரு துண்டு மிஞ்சும்.

அன்னாசி வாங்கும்போது கடைக்காரர் “அக்கா, சீவித் தரட்டுமா?” என்பார். சரி என்று சொல்லலாம், ஆனால் விலை போட்டது சீவுவதற்கு முந்தின எடைக்கு. பையில் வந்திருப்பதை வீட்டில் மறுபடி நிறுக்காமல் பாத்திரத்தில் கொட்டாதீர்கள்.

8. ஜாம் கிண்டுகிறவர்களுக்கு

தமிழில் புழங்கும் செய்முறைகளில் ‘பழமும் சர்க்கரையும் சரிக்குச் சரி’ என்று இருக்கும். கப்பிலா எடையிலா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கப் மாம்பழத் துண்டு 165 கிராம், ஒரு கப் சர்க்கரை 200. கப்பில் சரிக்குச் சரி போட்டால் எடையில் சர்க்கரைதான் கூடுதல். கூழாக ஒரு கப் அளந்தால் தலைகீழ். எடையில் எடுங்கள். வீட்டில் செய்து விற்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் போட வேண்டும். கப் கணக்கை நம்பிப் பழத்தை முதலில் போட்டால் அது பொய்யாகிவிடலாம்.

ஜாமில் சர்க்கரையும் மற்றக் கரைபொருளும் (நீரில் கரைந்திருப்பவை) சேர்ந்து 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பழம் 45 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதி. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் பழ அளவில் தளர்வு உண்டு. அந்த 65ஐ வைத்தே ஜாம் எப்போது முடிந்தது என்று கண்டுபிடிக்கலாம். பழுத்த மாம்பழத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கரைபொருள் என்று வையுங்கள். 660 கிராம் பழத்தில் 99. சர்க்கரை 600. மொத்தம் 699. அதை 0.65ஆல் வகுத்தால் 1075. பாத்திரத்தில் போட்டது 1260 கிராம், வற்றி 1075 ஆனால் ஜாம். 185 கிராம் தண்ணீர் போக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது என் பாயசத்தைக் கணக்குப் போடுங்கள். கூழ் 1000, சர்க்கரை 600. வற்ற வேண்டிய தண்ணீர் 446 கிராம். இரண்டு மடங்குக்கும் மேல். இருபத்தைந்து நிமிடத்தில் எப்படி வற்றும்?

இப்படி எடை பார்த்து ஜாமை இறக்க, வெறும் பாத்திரத்தின் எடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஜாம் கொதிக்கும்போது அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பாட்டி பெயர் வெட்டியிருக்கும், அதன் பக்கத்திலேயே அழியாத மார்க்கரால் இப்போது எடை எழுதி வைத்திருக்கிறேன். பாட்டி பெயருக்கு அடுத்து 1,140. சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். ஒரு மரப்பலகையை வைத்து ஜீரோ செய்து அதன்மேல் வையுங்கள், சட்டென்று பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். பாத்திரத்தோடு சேர்த்து 5 கிலோவைத் தாண்டக் கூடாது.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்த எடை வழி ரொம்ப உதவும். ஜாம் 104, 105 டிகிரியில் உறையும் என்பது கடல் மட்டக் கணக்கு. மலையில் தண்ணீரே 100க்குக் கீழே கொதித்துவிடும், அங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் கமர்கட் ஆகிவிடும். எடைக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

9. எப்போது நிறுப்பது?

நறுக்கியவுடன். சர்க்கரை தூவி ஊறவைத்த பிறகு பழம் சாறு விட்டுச் சுருங்கிவிடும், அப்போது கப்பில் அளந்தால் கூடுதலாகப் போய்விடும். எடையில் அந்தத் தொல்லை இல்லை, சாற்றையும் சேர்த்து நிறுத்தால். ஃப்ரீசரில் வைத்த பழத்தை உறைந்தபடியே நிறுங்கள், இளகிய பிறகு வரும் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வடிக்கச் சொன்னால் தவிர. வாழையை மசித்து வைத்துவிட்டு மாவு சலிக்கப் போகாதீர்கள், கறுத்துவிடும். கடைசியில் மசியுங்கள்.

10. ஒரு நோட்டு போடுங்கள்

பட்டியலில் இருப்பது பொது எடை. உங்கள் கடையின் பழம், உங்கள் கத்தி, உங்கள் கப் எல்லாம் சேர்ந்து வரும் எண்தான் உங்களுக்குப் பயன்படும். பழத்தின் வகை, வாங்கிய எடை, தேறிய சதை, நறுக்கிய விதம், கப் எடை, இந்த ஐந்தை மட்டும் எழுதினால் போதும். அச்செடுத்த செய்முறையில் கப் என்ற இடத்தில் அடித்து, மேலே பென்சிலால் கிராமைப் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் மறுபடி தேட வேண்டாம். என் நோட்டில் இந்த வருஷத்து முதல் பதிவு:

மே. பங்கனப்பள்ளி, இரண்டு பழம், 1,010 கிராம். சதை 690. ஒரு சென்டிமீட்டர் துண்டு, கப்புக்கு 168. சர்க்கரை 630. எலுமிச்சை நாலு. முடிந்த எடை 1,130. ஐந்து பாட்டில், ஒன்று அம்மாவுக்கு.